கிணற்றடிக்குத் திரும்பும் நாள்: இருதய அறுவை சிகிச்சையும் வீட்டு வேலையும்

திருவனந்தபுரம் ஜில்லாவின் தென்பகுதியில், நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ளது குன்னத்துகால். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி ராஜ்யங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது, அண்டையிலுள்ள விளவங்கோடு சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தது. இப்பகுதி கேரளத்தில் நின்றது. ரப்பரும் தென்னையும் மரச்சீனியும் விளையும் மேடுபள்ளமான நிலம் இது. வீட்டுக்கொரு கிணறு என்பது இப்பக்கத்து வழக்கம். மின்சாரப் பம்புகள் வந்துவிட்டன எனினும், மின்சாரம் நின்ற வேளையில் கயிறும் வாளியுமே துணை. இருதய அறுவை சிகிச்சை முடிந்து இத்தகைய வீட்டுக்குத் திரும்பும் ஒரு பெண் எந்த நாளில் அந்தக் கயிற்றைப் பற்றலாம் என்பது சிறிய வினாவன்று.

இத்தகைய சிகிச்சைக்கு இப்பகுதி மக்கள் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான, தொழில்நுட்பக் கழகம் 1980இல் பார்லிமெண்டுச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிலையமாக்கப்பட்டது. டாக்டர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் அங்கு உருவான செயற்கை இருதய வால்வு, 1990ஆம் ஆண்டு டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. உலோகக் கூட்டினுள் சாய்ந்து திறந்து மூடும் பிளாஸ்டிக் வில்லை ஒன்றே அதன் உயிர்நிலை. நிமிடத்துக்கு 72 துடிப்பு எனக் கொண்டால், அவ்வில்லை ஒரு நாளில் 1,03,680 முறை திறந்து மூடுகிறது.

நோயாளியை அசையவிடாமல் படுக்க வைப்பதே பாதுகாப்பு என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே கிடத்துவது அந்நாளைய முறை. 1952இல் லெவைன், லவுன் என்னும் இரு அமெரிக்க டாக்டர்கள் அத்தகைய நோயாளிகளை நாற்காலியில் உட்கார வைத்து, அதனால் தீங்கில்லை என்று காட்டினர். இன்று அறுவை சிகிச்சைக்கு அடுத்த ஓரிரு நாளிலேயே நோயாளியை எழுப்பி உட்கார வைக்கின்றனர்; பிறகு நடக்கவும் வைக்கின்றனர். ஆயினும் வீடுகளில் பழைய அச்சம் மறையவில்லை. பாயிலேயே கிடத்தும் குடும்பம் ஒருபுறம்; செய்வதற்கு வேறு ஆளில்லாததால் மூன்றாம் வாரமே கிணற்றடிக்குச் செல்லும் பெண் மறுபுறம்.

பொதுவாக வழங்கப்படும் குறிப்புச் சீட்டுகளில் "கனமான வேலை செய்யலாகாது" என்றிருக்கும். அவ்வாசகம் போதாது. நாள்தோறும் செய்யும் வேலையைக் கனமானது என்று எவரும் எண்ணுவதில்லை. தண்ணீர் இறைப்பதையே எடுத்துக்கொள்வோம். கப்பி இருப்பதால் பளு குறைகிறது என்று பலர் கருதுகின்றனர். பள்ளியில் பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியர் அறிவார்: ஓரிடத்தில் நிலையாகப் பொருத்திய ஒற்றைக் கப்பி இழுக்கும் திசையை மாற்றுமேயன்றி விசையைக் குறைக்காது. 8 லிட்டர் நீர் கொண்ட வாளிக்கு 8 கிலோ எடைக்குரிய விசை வேண்டும். வாளியின் எடையும் கயிற்றின் எடையும் உராய்வும் அதற்கு மேல். முதல் வாரங்களில் நோயாளி தூக்கலாமென டாக்டர்கள் சொல்லும் அளவோ சுமார் 2 முதல் 5 கிலோ வரைதான்.

காரணம் மார்பெலும்பில் இருக்கிறது. பெரும்பாலான இருதய அறுவை சிகிச்சைகளில் அவ்வெலும்பை நெடுக அறுத்துப் பிளந்து, வேலை முடிந்ததும் எஃகுக் கம்பியால் கட்டுகின்றனர். அது ஓரளவு கூடுவதற்கு 6 முதல் 8 வாரங்களும், உறுதிப்பட ஏறத்தாழ 3 மாதங்களும் ஆகும். மார்புத் தசைகள் இருபுறமும் அவ்வெலும்பில்தான் பற்றியிருக்கின்றன. கயிறு இழுப்பதும், அம்மியில் அரைப்பதும், பாரையில் தேங்காய் உரிப்பதும், பாயிலிருந்து இரு கைகளையும் ஊன்றி எழுவதும் கூடாத எலும்பை அசைத்துவிடக்கூடும். பாயைவிடக் கட்டில் நல்லது. பக்கவாட்டில் புரண்டு, காலை ஊன்றி எழுவது அதனினும் நல்லது. முழங்கைகள் விலாவை ஒட்டியிருக்கச் செய்யும் வேலை எலும்பை அதிகம் வருத்துவதில்லை. அரிசியில் கல் பொறுக்குவதும் துணி மடிப்பதும் அவ்வகையின.

இருதயத்தின் கணக்கு வேறு. சும்மா உட்கார்ந்திருக்கும் உடல், ஒவ்வொரு கிலோ எடைக்கும் நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் பிராணவாயுவைச் செலவிடுவதாகக் கொள்வர். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 210 மில்லிலிட்டர். வீடு பெருக்கும்போது இது சுமார் மூன்று மடங்காகிறது. சுமையுடன் மேட்டில் ஏறினால் இன்னும் பெருகும். கருவியின்றி இதை அறிய ஒரு வழி உண்டு: வேலை செய்தவாறே தடையின்றிப் பேச முடிந்தால் அளவு சரி; பேச்சு நடுவில் முறிந்தால் நிறுத்த வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையும் தூக்குவது இரத்த அழுத்தத்தைத் திடீரென உயர்த்துமாதலால் அறவே கூடாது.

செயற்கை உலோக வால்வு பொருத்தப்பட்டவர், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் மாத்திரையை ஆயுள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். அரிவாள்மணையில் பட்ட சிறு வெட்டும் இவர்களுக்கு நெடுநேரம் இரத்தம் கசியும். அவ்விடத்தைத் துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். முருங்கைக்கீரை போன்றவற்றிலுள்ள 'கே' வைட்டமின் மாத்திரையின் வேலையைக் குறைக்குமாதலால் கீரையையே விலக்குவோர் உளர், அது தேவையில்லை. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவு உண்டு, குறித்த நாளில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் போதும்.

ரப்பர் பால் வெட்டுபவரின் நிலை இன்னும் கடினம். விடியுமுன் சரிவில் மரத்துக்கு மரம் நடந்து, கூரிய கத்தியை இழுத்து, பின்னர் பால் நிறைந்த வாளியைச் சுமக்க வேண்டும். எலும்பு, மூச்சு, இரத்தம் ஆகிய மூன்றுக்கும் இத்தொழிலில் சோதனை உண்டு. மூன்று மாதத்துக்கு முன் இதற்குத் திரும்பலாகாது. வார்பரின் உட்கொள்பவர் டாக்டரைக் கேளாமல் கத்தியைத் தொடவே கூடாது. கூலி இழப்பைத் தாங்க முடியாத குடும்பத்தில் இவ்வறிவுரை எளிதில் ஏறாது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

வீடுகளுக்குச் செல்லும் களப்பணியாளர் "உடம்பு எப்படி?" என்று கேட்பதைவிட, "தண்ணீர் இறைப்பது யார்?" என்று கேட்பது பயன் தரும். மார்பெலும்பில் 'கடுக்' என்ற ஓசை, தையலில் சீழ், காய்ச்சல், கால் வீக்கம், படுத்தால் மூச்சுத் திணறல், இரண்டு மூன்று நாளில் 2 கிலோ எடை கூடுதல் இவற்றில் எதுவாயினும் அன்றே டாக்டரிடம் அனுப்ப வேண்டும். பேச்சுக் குழறினாலோ ஒரு கை தளர்ந்தாலோ, அன்று என்றல்ல, அந்நேரமே.