மூத்த வீரரின் ஓய்வும் அணியின் எதிர்காலமும்

இந்திய உதைபந்தாட்ட அணியின் தலைவராக நீண்டகாலம் விளங்கிய சுனில் சேத்ரி, சர்வதேசப் போட்டிகளிலிருந்து ஓய்வு பெறப்போவதாக 2024 மே 16ஆம் திகதி அறிவித்தார். அடுத்த மாதம் 6ஆம் திகதி கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் குவைத் அணியை எதிர்த்து அவர் விளையாடிய இறுதிப் போட்டி கோல் எதுவுமின்றி முடிவடைந்தது. அன்று வெற்றி பெற்றிருந்தால், உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டிகளின் மூன்றாம் சுற்றுக்கு முதன்முறையாக முன்னேறும் வாய்ப்பு இந்தியாவுக்கு மிக அருகில் வந்திருக்கும். அது நிறைவேறவில்லை. கண்ணீருடன் சேத்ரி விடைபெற்றார். ஆனால் ஒன்பது மாதங்களுக்குள் அவரையே மீண்டும் அழைக்க வேண்டிய நிலை இந்திய அணிக்கு ஏற்பட்டது.

ஒரு மூத்த வீரர் விலகும்போது அணி எதை இழக்கிறது, அந்த இழப்பு ஏன் சில அணிகளை நிலைகுலையச் செய்கிறது, வேறு சில அணிகள் அதனை எவ்வாறு தாங்கிக்கொள்கின்றன என்பவற்றை ஆராய்வதற்கு இந்த அனுபவம் பொருத்தமான எடுத்துக்காட்டாகும். தேசிய அணிகளுக்கு மட்டுமன்றி, திருகோணமலை மாவட்டத்தின் தென் எல்லையிலுள்ள வெருகல் போன்ற பிரதேசங்களின் கிராமியக் கழகங்களுக்கும் இதில் பாடம் உண்டு.

சேத்ரி 1984ஆம் ஆண்டு செக்கந்திராபாத்தில் பிறந்தவர். 2005 ஜூன் மாதம் குவெட்டா நகரில் பாகிஸ்தானுக்கு எதிராகத் தமது முதலாவது சர்வதேசப் போட்டியில் ஆடி, அதிலேயே கோல் அடித்தார். அதன் பின் ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டுகளில் 151 போட்டிகளில் 94 கோல்களைப் பெற்றார். உலகத் தரவரிசையில் பெரும்பாலும் நூறாம் இடத்துக்குக் கீழேயே இருந்த ஓர் அணிக்காக ஆடிக்கொண்டு இத்தகைய எண்ணிக்கையை எட்டுவது எளிதன்று.

அவர் விலகிய பின்னர் 2024ஆம் ஆண்டின் எஞ்சிய காலத்தில் இந்தியா ஐந்து போட்டிகளில் ஆடியது. கட்டாருக்கு எதிராக 1-2 எனத் தோல்வி; மொரீஷியஸ் அணியுடன் கோலின்றிச் சமநிலை; சிரியாவிடம் 0-3 எனத் தோல்வி; வியட்நாம், மலேசியா ஆகிய அணிகளுடன் தலா 1-1 எனச் சமநிலை. ஐந்து போட்டிகளில் மூன்றே கோல்கள். அவற்றிலும் ஒன்று பின்கள வீரர் ராகுல் பேக்கேயினால் அடிக்கப்பட்டது. அந்த ஆண்டில் ஆடிய பதினொரு போட்டிகளில் ஒன்றில்கூட இந்தியா வெற்றி பெறவில்லை.

எனினும், இவ்வீழ்ச்சி முழுவதற்கும் சேத்ரியின் ஓய்வே காரணம் என்று முடிவு செய்வது அவசரமான தீர்ப்பாகும். 2024 ஜனவரியில் கட்டாரில் நடைபெற்ற ஆசியக் கிண்ணப் போட்டியில் அவுஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா ஆகிய மூன்று அணிகளிடமும் இந்தியா ஒரு கோலும் அடிக்காமல் தோற்றது. அம்மூன்று போட்டிகளிலும் சேத்ரி களத்தில் இருந்தார். அதே ஆண்டு மார்ச் மாதம் குவாஹாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2 எனத் தோற்றபோது இந்தியாவின் ஒரே கோலை பெனால்டி மூலம் பெற்றவரும் அவரே. ஆகவே, அணியின் நோய் ஏற்கெனவே இருந்தது. அவரது ஓய்வு அதனை மறைத்திருந்த திரையை விலக்கியது.

மூத்த வீரரொருவரின் விலகலால் ஏற்படும் முதலாவது இழப்பு வெளிப்படையானது. அதுவரை அவர் அடித்த கோல்களை இனி வேறு யாரேனும் அடிக்க வேண்டும். இரண்டாவது இழப்பு பார்வையாளரின் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. பெயர் பெற்ற முன்கள வீரரை எதிரணி இருவரைக் கொண்டு கண்காணிக்கும். அதனால் பக்கவாட்டில் ஓடும் இளையவர்களுக்கு இடம் கிடைக்கும். அவர் இல்லாத நாளில் அந்த இடமும் இல்லாமற் போகிறது. நேற்றுவரை நன்றாக ஆடிய இளைஞர் இன்று திடீரெனத் தடுமாறுவதற்கு அவரது திறமை குறைந்தது காரணமன்று. அவருக்குக் கிடைத்துவந்த வெளி சுருங்கிவிட்டமையே காரணம்.

மூன்றாவது, தீர்மானம் எடுக்கும் பொறுப்பு. ஆட்டத்தின் இறுதிப் பத்து நிமிடங்களில் வேகத்தைக் கூட்டுவதா, பந்தைத் தம்வசம் வைத்திருப்பதா, பெனால்டி கிடைத்தால் யார் உதைப்பது என்பவற்றைப் பயிற்றுநர் எல்லைக்கோட்டில் நின்று தீர்மானிக்க இயலாது. களத்தில் ஒருவர் தீர்மானிக்க வேண்டும். பல ஆண்டுகளாக ஒருவரே தீர்மானித்துவந்த அணியில், மற்றையோர் அந்தப் பழக்கத்தை வளர்த்துக்கொள்வதில்லை. நான்காவது, உடைமாற்றும் அறையின் ஒழுங்கு. உணவு, உறக்கம், பயிற்சி ஆகியவற்றில் மூத்தவர் காட்டும் கண்டிப்பே இளையவர்களுக்கு எழுதப்படாத சட்டமாக அமைகிறது.

அவ்வாறாயின் இந்தியாவில் அவரது இடத்துக்கு வேறொருவர் உருவாகாதது ஏன்? இதற்கான விடையைத் தேசிய அணியில் தேடுவதைவிடக் கழக மட்டத்தில் தேடுவதே பொருத்தம். இந்தியன் சுப்பர் லீக் கழகங்கள் கோல் அடிக்கும் பொறுப்பைப் பெரும்பாலும் வெளிநாட்டு வீரர்களிடமே ஒப்படைத்துவந்துள்ளன. உள்நாட்டு இளைஞர்கள் பக்கவாட்டு நிலைகளுக்கோ பின்களத்துக்கோ ஒதுக்கப்படுகின்றனர். வார இறுதி தோறும் கோல் முகப்பில் நின்று பழகாத ஒருவர், தேசிய அணியின் சீருடையை அணிந்தவுடன் அக்கலையில் தேர்ச்சி பெற்றுவிடுவார் என எதிர்பார்க்க இயலாது. 2024-25 பருவகாலத்தில் அந்த லீக்கில் 14 கோல்களைப் பெற்று இந்தியர்களுள் முதலிடம் வகித்தவர், பெங்களூர் கழகத்துக்காக ஆடிய சேத்ரியேயாவார். அப்போது அவருக்கு வயது நாற்பது. அவரைப் பொறுத்தவரை இது பெருமை. அந்நாட்டு உதைபந்தாட்டத்தைப் பொறுத்தவரை இது கவலைக்குரிய செய்தி.

இந்நிலையிலேயே 2025 மார்ச் மாதம் பயிற்றுநர் மனோலோ மார்க்கெஸ் அவரை மீண்டும் அழைத்தார். மார்ச் 19ஆம் திகதி ஷில்லாங்கில் மாலைதீவை இந்தியா 3-0 என வென்றது; சேத்ரி தமது 95ஆவது கோலை அடித்தார். 2023 நவம்பருக்குப் பின் இந்தியா பெற்ற முதல் வெற்றி அது. ஆனால் ஆறு நாட்களின் பின் அதே மைதானத்தில் ஆசியக் கிண்ணத் தகுதிகாண் போட்டியில் பங்களாதேஷுடன் கோலின்றிச் சமநிலை. ஜூன் மாதம் ஹொங்கொங்கிடம் 0-1 எனத் தோல்வி. பயிற்றுநர் மாறினார், காலித் ஜமீல் பொறுப்பேற்றார். ஒக்டோபரில் சிங்கப்பூரில் 1-1 எனச் சமநிலை கண்ட அணி, 14ஆம் திகதி கோவாவில் அதே சிங்கப்பூரிடம் 1-2 எனத் தோற்றது. 2027 ஆசியக் கிண்ணத்துக்குச் செல்லும் வாய்ப்பு அன்றுடன் பறிபோனது. அடுத்த மாதமே சேத்ரி சர்வதேச அரங்கிலிருந்து இரண்டாவது முறையாக விடைபெற்றார்.

ஓய்வு பெற்றவரை மீண்டும் அழைப்பது எப்போதும் தவறு எனக் கூறிவிட முடியாது. 1990 உலகக் கிண்ணத்தில் 38 வயதான ரொஜர் மில்லா கமரூன் அணிக்காக நான்கு கோல்களை அடித்து, அவ்வணியைக் காலிறுதிவரை அழைத்துச் சென்றார். 2004இல் விலகிய சினடின் சிடேன், சொந்த மண்ணில் அடுத்தடுத்துச் சமநிலை கண்டு தவித்த பிரான்ஸ் அணிக்கு 2005இல் திரும்பி, 2006 உலகக் கிண்ண இறுதிப் போட்டிவரை அதனைக் கொண்டு சென்றார்.

ஆனால் அதன் பின் நிகழ்ந்தவற்றையும் சேர்த்தே நோக்க வேண்டும். பிரான்ஸ் 2008 ஐரோப்பியக் கிண்ணத்திலும் 2010 உலகக் கிண்ணத்திலும் தனது பிரிவில் கடைசி இடத்தையே பெற்றது. 1994 உலகக் கிண்ணத்தில் 42 வயதிலும் மில்லா ரஷ்யாவுக்கு எதிராகக் கோல் அடித்தார். கமரூன் அப்போட்டியில் 1-6 எனத் தோற்று முதற் சுற்றுடன் வெளியேறியது. மூத்தவரை மீள அழைப்பதால் அணிக்குக் கிடைப்பது அவகாசம் மாத்திரமே. அந்த அவகாசத்தில் அடுத்தவரைத் தயார்செய்யாவிடின், அதே வெற்றிடம் மீண்டும் வந்து சேரும்.

முறையான கைமாற்றத்துக்கும் இந்தியாவிலேயே உதாரணம் உண்டு. சேத்ரிக்கு முன்னர் அணியின் முகமாக விளங்கியவர் பைச்சுங் பூட்டியா. 2008 ஓகஸ்டில் டில்லியில் நடைபெற்ற ஏ.எப்.சி. சலஞ்ச் கிண்ண இறுதிப் போட்டியில் தஜிகிஸ்தானை இந்தியா 4-1 என வென்றபோது, ஒரு கோலைப் பூட்டியாவும் ஏனைய மூன்றையும் இளைஞரான சேத்ரியும் அடித்தனர். அவ்வெற்றியால் 27 ஆண்டுகளின் பின் இந்தியா 2011 ஆசியக் கிண்ணத்தில் பங்கேற்றது. அப்போட்டியில் காயத்தினால் பூட்டியா கடைசி ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில் மட்டுமே களமிறங்க முடிந்தது. சேத்ரி இரு கோல்களை அடித்தார். 2011 ஓகஸ்டில் பூட்டியா ஓய்வை அறிவித்தார். அதே டிசம்பரில் தெற்காசியக் கிண்ணத்தை இந்தியா வென்றபோது சேத்ரி பெற்ற கோல்கள் ஏழு. பூட்டியாவின் விலகலை அணி தாங்கிக்கொண்டமைக்குக் காரணம், அவர் அருகிலேயே ஆறு ஆண்டுகள் ஆடிப் பொறுப்பேற்கப் பழகிய ஒருவர் ஏற்கெனவே இருந்தமைதான்.

இனி நமது நிலைக்கு வருவோம். 1995இல் கொழும்பில் நடைபெற்ற தெற்காசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இந்தியாவையே வென்று கிண்ணத்தைக் கைப்பற்றிய நாடு இலங்கை. அந்த உயரத்தை நமது அணி மீண்டும் எட்டவில்லை. நிர்வாகச் சீர்கேடுகளின் விளைவாக 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை சர்வதேச சம்மேளனத்தின் இடைநிறுத்தத்துக்கும் உள்ளானோம். இவ்வாறான தடைக்காலங்களில் இழக்கப்படுபவை போட்டிகள் மட்டுமல்ல. மூத்தவரும் இளையவரும் ஒரே களத்தில் சேர்ந்து ஆட வேண்டிய மாதங்களும் சேர்ந்தே இழக்கப்படுகின்றன.

கிழக்கில் இந்த இடைவெளி இன்னும் ஆழமானது. வெருகல், ஈச்சிலம்பற்றுப் பகுதி மக்கள் 2004 டிசம்பரில் ஆழிப்பேரலையையும், 2006இல் போரினால் இடப்பெயர்வையும் அடுத்தடுத்துச் சந்தித்தவர்கள். ஊரே இடம்பெயர்ந்து கிடக்கும்போது விளையாட்டுக் கழகம் எவ்வாறு இயங்கும்? மீள்குடியேற்றத்தின் பின்னரும் இளைஞர்கள் பிழைப்புத் தேடி மத்திய கிழக்கு நாடுகளுக்கும் தலைநகருக்கும் செல்வது கிழக்கின் கிராமங்களில் வழமையாகிவிட்டது. இவற்றின் விளைவாகக் கழகமொன்றில் நாற்பதை நெருங்கும் மூத்தவர் ஒருபுறமும் பாடசாலை மாணவர் மறுபுறமுமாக, நடுவில் இருக்க வேண்டிய வயதினர் இல்லாத நிலை தோன்றுகிறது. கைமாற்றம் நிகழ வேண்டியது அந்த நடுவயதினர் ஊடாகவே.

கிராமியக் கழகமொன்றில் மூத்த வீரர் வெறும் வீரர் அல்லர். அணித்தலைவரும் அவரே, பயிற்றுநரும் அவரே, பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுதுபவரும், பந்துக்குக் காற்றடித்து வைப்பவரும், திருகோணமலை நகரில் நடைபெறும் சுற்றுப்போட்டிக்கு வாகனம் ஒழுங்கு செய்பவரும் அவராகவே இருப்பார். அத்தகைய ஒருவர் முழங்கால் வலியாலோ வெளிநாட்டுப் பயணத்தாலோ விலகும்போது, தேசிய அணிக்கு நேர்வதுபோல் தோல்விகள் தொடர்வதில்லை. கழகமே மௌனமாக நின்றுவிடுகிறது. மாலைவேளைகளில் மைதானத்துக்கு வந்த சிறுவர்கள் வேறு திசைகளுக்குச் செல்கின்றனர்.

இதனைத் தவிர்ப்பதற்குப் பெரும் நிதி தேவையில்லை. மூத்தவர் உடல்தகுதியுடன் இருக்கும்போதே, சில போட்டிகளில் அவரை வெளியே அமர்த்தி இளையவர் ஒருவரிடம் தலைமைப் பொறுப்பை வழங்கலாம். பெனால்டி உதைக்கும் பொறுப்பையும் அவ்வாறே பகிரலாம். கழகத்தின் கணக்கு, கடிதத் தொடர்பு, பயிற்சி ஆகியவற்றைத் தனித்தனியே மூவரிடம் ஒப்படைக்கலாம். விலகும் வீரரை ஒரு பாராட்டு விழாவுடன் அனுப்பிவிடாது, பதினைந்து வயதுக்குட்பட்டோரின் பயிற்றுநராக மைதானத்திலேயே வைத்துக்கொள்ளலாம். பாடசாலைகளும் கழகங்களும் இணைந்து செயற்பட்டால், வயதிடைவெளியையும் ஓரளவு நிரப்ப முடியும்.

மூத்தவர்களும் தம் பங்குக்குச் சிந்திக்க வேண்டும். தமது இடத்தை விட்டுக்கொடுப்பதனைத் தோல்வியாகக் கருதாமல், இன்னும் ஆட முடிகின்ற காலத்திலேயே அடுத்தவரைப் பக்கத்தில் நிறுத்திப் பழக்குவது அவர்களது கடமையாகும். அத்தகைய ஒருவர் விலகும் நாளில் ஊர் கவலைப்படும். ஆனால் மறுநாள் மாலையும் அந்த மைதானத்தில் பந்து உருளும்.