இசைத்தட்டின் ஒலியும் எண்முறை ஒலியும்

பழைய இசைத்தட்டின் ஒலி சிறந்ததா, இக்காலத்து எண்முறை ஒலி சிறந்ததா என்னும் வினா இசையன்பர் கூடுமிடமெல்லாம் எழுகின்றது. தட்டின் ஒலியே உயிருடையது என்பர் ஒருசாரார். அது வெறும் இரைச்சல் என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் பெரும்பாலும் தத்தம் செவிப்பழக்கத்தையே பேசுகின்றனர். ஆதலின், இவ்விரண்டும் ஒலியை எங்ஙனம் பற்றி வைக்கின்றன என்பதை முதலில் நோக்குவோம்.

இசைத்தட்டில் ஒலியலை தன் வடிவத்தோடேயே சுருட்பள்ளமாகக் கீறப்படுகின்றது. ஊசி அப்பள்ளத்தின் நெளிவுகளில் அசைந்து செல்ல, அவ்வசைவே மீண்டும் ஒலியாகின்றது. எண்முறையிலோ, அலையின் உயரம் சீரான இடைவெளிகளில் அளக்கப்பட்டு எண்ணாக எழுதப்படுகின்றது. 1982இல் விற்பனைக்கு வந்த இறுவட்டில் ஒரு செக்கனுக்கு 44,100 முறை இவ்வாறு அளக்கப்படுகின்றது.

ஈண்டு நம்மவர்க்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. நம் இசையின் உயிர்நிலை கமகம். இடையறாது வளைந்து செல்லும் அதனை எண்களாக நறுக்கினாற் படிக்கட்டுப் போலாகிவிடாதோ? ஆகாது. ஓர் அலையிலுள்ள மிகவுயர்ந்த மீடிறனின் இருமடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் அளந்தால், இடைப்பட்ட வளைவு முழுவதையும் அவ்வளவுகளிலிருந்தே மீட்கலாமென்பதை 1949இல் கிளோட் ஷனன் கணிதத்தால் நிறுவிக் காட்டினார். மனிதச் செவியின் எல்லை ஏறக்குறைய 20,000 ஹேட்ஸ். எனவே, தோடியின் காந்தாரம் எத்துணை அசைந்தாலும் இறுவட்டில் உடைவதில்லை.

அளவுகோல் கொண்டு நோக்கின் வெற்றி எண்முறைக்கே. மெல்லொலிக்கும் வல்லொலிக்கும் இடைப்பட்ட வேறுபாடு இறுவட்டில் ஏறக்குறைய 96 டெசிபெல். நல்ல வைனல் தட்டில் 70 டெசிபெல் அளவே. பழைய 78 சுற்றுத் தட்டில் அதனினும் மிகக் குறைவு. அன்றியும், தட்டின் நடுவை நெருங்க நெருங்கப் பள்ளம் ஊசியின் கீழ் ஓடும் வேகம் குறைந்து, ஒலியின் தெளிவும் குன்றும். ஆயின், முதியோர் போற்றும் அந்த இதம் பொய்யோ? அன்று. அவருட் பலர் அந்நாளிற் கேட்டது தட்டை மாத்திரமன்று. இலங்கை வானொலி ஒலிபரப்பிய தட்டினை, வால்வு வானொலிப் பெட்டியின் வாயிலாகக் கேட்டனர். அலைவரிசையின் குறுக்கமும் பெட்டியின் இயல்பும் உச்சவொலிகளை மழுக்கிக் கனிவாக்கின. கோயில் ஒலிபெருக்கிக் குழலிற் கேட்டுவிட்டு இவ்வழக்குக்குத் தீர்ப்புக் கூறுவோரும் உளர். அக்குழலிற் புகுந்தால் எம்முறையும் ஒன்றே.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் உள்ளது. 1956இல் மறைந்த திருவாவடுதுறை இராசரத்தினம்பிள்ளையின் நாகசுரத்தை எண்முறைக் கருவி எதுவும் நேரிற் கேட்டதில்லை. இன்று கைத்தொலைபேசியில் நாம் கேட்கும் அவர் தோடி, முன்னை நாளைப் பதிவிலிருந்து எடுத்த பிரதியே. பிரதியின் தரம் எடுத்தவர் கையில் இருக்கின்றது. 78 சுற்றுத் தட்டின் பள்ளம் வைனற் பள்ளத்தினும் ஏறக்குறைய மும்மடங்கு அகலமானது. வைனல் ஊசியை அதில் இட்டால் அஃது அடியிலுள்ள அழுக்கையே வாசிக்கும். அக்காலத் தட்டுகள் யாவும் சரியாக 78 சுற்றிற் பதியப்பட்டனவுமல்ல. வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு மாறினால், சுருதி ஏறக்குறைய ஒரு சுரத்தானம் ஏறும் அல்லது இறங்கும். இவற்றினும் கொடியது இரைச்சல் நீக்கம். கணினி இரைச்சலை மிகையாக நீக்கும்போது தம்புராவின் ரீங்காரமும் பாடகர் மூச்சும் உடன்கழிகின்றன. பின்னர், கோப்பினைச் சுருக்குவதற்காக எம்.பி.3 ஆக்குவர், அதிலும் ஒரு பங்கு போய்விடும். இத்தகைய பிரதியைக் கேட்டுவிட்டு எண்முறையைப் பழித்தல் முறையாகாது.

நம் திருக்கோணமலையில் இது வெறும் வாதப்பொருளன்று. இடப்பெயர்வுகளிலும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையிலும் இழந்தவை போக எஞ்சிய தட்டுகள், இன்னும் சில வீடுகளின் பரண்களில் இருத்தல் கூடும். 78 சுற்றுத் தட்டுகள் பெரும்பாலும் அரக்கும் கற்பொடியும் கலந்து செய்யப்பட்டவை. கைதவறி விழுந்தால் உடையும், வெயிலில் வளையும், துறைமுகத்து ஈரக்காற்றிற் பூஞ்சணம் பிடிக்கும். மதுசாரங் கலந்த நீர்மத்தால் அவற்றைத் துடைத்தலாகாது, அரக்கு கரைந்துவிடும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காது, உறையிலிட்டு நிமிர்த்தி வைத்தல் வேண்டும்.

பிரதி எடுப்போர், இரைச்சல் எதனையும் நீக்காத, சுருக்காத மூலப்பிரதி ஒன்றை முதலில் எடுத்து வைப்பாராக. செக்கனுக்கு 96,000 அளவு, 24 பிற்று என்பது இதற்கு ஏற்றது. கேட்டின்புறுதற்குத் துப்புரவாக்கிய பிரதி இரண்டாவதாகுக. தட்டின் நடுவிலுள்ள தாளையும், அதனருகே பொறித்த எண்ணையும் படமெடுத்துச் சேர்த்தல் நன்று; பாடியவர் யார், எந்தப் பதிப்பு என்பதற்குப் பலகால் அவையே சான்று. பிரதி எடுத்தாயிற்றென்று தட்டை எறிதல் வேண்டா. இதனினும் நல்ல ஊசியோடு நாளை வருவோர்க்கு மூலம் அதுவே.