மூலம் என்று இருந்துவிடலாமா?

மலத்தில் இரத்தம் கண்டால் நம் ஜனங்கள் கூறும் காரணம் ஒன்றே: "மூலம், உடம்பில் உஷ்ணம்." ஊத்தங்கரை தாலுகாவைச் சேர்ந்த கல்லாவி போன்ற கிராமமாயினும், ஓசூர் போன்ற ஆலை நகரமாயினும் பேச்சு இதுவே. பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கலாம். ஆனால், பெருங்குடற் புற்றும் இதே அடையாளத்துடன்தான் வருகிறது என்பதை மறக்கலாகாது.

இப்புற்று ஒரே நாளில் தோன்றுவதன்று. குடலின் உட்சுவரில் 'பாலிப்' என்னும் சிறு சதைமுளை முதலில் எழுகிறது. அதனால் வலியில்லை, ஆகையால் ஐயமும் எழுவதில்லை. எல்லா முளைகளும் கெடுவதில்லை. கெடுபவை புற்றாக மாறுவதற்குச் சாதாரணமாகப் பத்து வருஷங்கள் செல்லும். காலம் நமக்குத் தரும் தவணை இது.

1969-இல் நியூயார்க் நகரில் ஹிரோமி ஷின்யா, வில்லியம் வுல்ஃப் என்னும் டாக்டர்கள், வயிற்றைக் கீறாமலே, குடலினுள் செலுத்திய குழாய்வழியாகக் கம்பிச் சுருக்கினால் இம்முளைகளை அறுத்தெடுத்தனர். முளை நீக்கப்பெற்றோரிடையே புற்று, எதிர்பார்த்ததைவிட 76 முதல் 90 சதவீதம் வரை குறைந்ததென்று 1993-இல் அமெரிக்க ஆராய்ச்சி நிரூபித்தது. நோயை முளையிலேயே கிள்ளுவது இதுவன்றோ!

நம் சர்க்கார் செய்வதென்ன? 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி இந்த ஜில்லாவின் சாமனப்பள்ளியிலேயே துவக்கப்பெற்றது. இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் மருந்து வீடு தேடிச் சென்றது, போற்றத்தக்கதே. ஆயினும், 2016-இல் மத்திய சர்க்கார் வகுத்த புற்றுப் பரிசோதனை முறையில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றே இடம்பெற்றன, பெருங்குடல் இடம்பெறவில்லை.

மேல்நாடுகளைவிட இந்நோய் இங்கே குறைவு. அனைவருக்கும் குழாய்ச் சோதனை நடத்தப் பணமேது என்பர் சிலர். நியாயமே. ஆனால், கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தையும் காட்டும் மலப் பரிசோதனை எளிது, செலவும் சொற்பம். அதில் இரத்தம் கண்டவர்களுக்கும், பெற்றோரோ உடன்பிறந்தோரோ இப்புற்றுக்கு ஆளானவர்களுக்கும் குழாய்ச் சோதனை செய்தால் போதும். 2022 முதல் கிருஷ்ணகிரியில் சர்க்கார் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. வீடு வீடாகச் செல்லும் ஊழியர் கையில் இச்சிறு சோதனையையும் கொடுத்தால் என்ன?

சர்க்கார் விழிக்கும்வரை நாம் உறங்கலாகாது. புகையிலையையும் மதுவையும் விலக்குவதும், நார்ச்சத்து நிறைந்த கேழ்வரகுக் களியைக் கைவிடாதிருப்பதும் நம் கையில் உள்ளவை. இரத்தம் கண்டும், மலப்போக்கு மாறியும், காரணமின்றி உடல் மெலிந்தும் வெட்கத்தால் வாளாவிருப்பது வீரமன்று. பொதுக்காரியத்தில் ஈடுபட்டோர் இதனைக் கூச்சமின்றிப் பேசத் துணிந்தால், ஊரும் பேசத் துணியும்.