அம்பத்தூர் நிலத்தின் அடுத்த வரைபடம்

தமிழ்நாடு அரசிதழில் அவ்வப்போது ஒரு சிறு அறிவிக்கை வெளியாகிறது. இன்ன வட்டத்தில், இன்ன கிராமத்தில், இன்ன சர்வே எண்ணில் அடங்கிய நிலம் இதுவரை தொழில் மண்டலம் என்று வகுக்கப்பட்டிருந்தது. இனி அது கலப்புக் குடியிருப்பு மண்டலம் என்று கொள்ளப்படும் என்பதே அதன் சாரம். நிலத்துக்குச் சொந்தக்காரரும், கட்டட வரைபடம் தயாரிப்பவரும், கடன் கொடுக்கும் வங்கியாரும் தவிர, பொதுமக்களில் அதைத் தேடிப் படிப்பவர்கள் மிகச் சிலரே. ஆயினும், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மேற்குப் புறநகர்களில் இனி வரும் தலைமுறை எங்கே குடியிருக்கும், எங்கே வேலை செய்யும், இரண்டுக்கும் நடுவே எத்தனை நேரத்தைப் பஸ்ஸிலும் ரயிலிலும் கழிக்கும் என்பதையெல்லாம், மேடைப் பிரசங்கங்களைவிடத் திட்டவட்டமாக இந்தச் சிறு அறிவிக்கைகளே நிர்ணயித்து வருகின்றன. ஆதலால் அவை எப்படிப் பிறக்கின்றன, அவற்றால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பதை இந்தப் பிரதேசத்து மக்கள் அறிந்திருத்தல் அவசியம்.

ஒரு நகரத்தின் நிலத்தை உபயோகத்துக்கேற்ப முன்கூட்டியே வகுத்து வைக்கும் எண்ணம் நம் நாட்டில் வேரூன்றி நூறாண்டுகளுக்கு மேல் ஆகிறது. பேட்ரிக் கெட்டிஸ் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் நகர அமைப்பைப் பற்றிய கண்காட்சி ஒன்றைச் சென்னைக்குக் கொண்டுவர 1914-ஆம் ஆண்டில் முற்பட்டார். கண்காட்சிக்குரிய படங்களை ஏற்றி வந்த கப்பலை, சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசிய அதே எம்டன் என்னும் ஜெர்மன் போர்க்கப்பல், கடலில் மூழ்கடித்துவிட்டது; நண்பர்கள் புதிதாகத் திரட்டிக் கொடுத்த படங்களைக் கொண்டு அடுத்த ஆண்டில் அவர் இங்கே கண்காட்சியை நடத்தினார். ஊரை நேரில் நடந்து பார்த்து, அதன் வழக்கங்களையும் தொழில்களையும் ஆராய்ந்து அறியாதவன் அதற்குத் திட்டம் வரையலாகாது என்பது கெட்டிஸின் கொள்கை. 1920-இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் ஏற்பட்டது. பின்னர் அதற்குப் பதிலாக 1971-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ., இந்தச் சட்டத்தின் கீழ் இயங்குவது. முதல் முழுமைத் திட்டம் 1970-களின் நடுவிலும், 2026-ஆம் ஆண்டை எல்லையாகக் கொண்ட இரண்டாவது முழுமைத் திட்டம் 2008 செப்டம்பர் 2-ஆம் தேதியும் அமலுக்கு வந்தன. நிலத்தைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி, விவசாயம் என்பன போன்ற மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எது எழலாம், எது எழலாகாது என்று சொல்வது இரண்டாவது திட்டம். அதில் கலப்புக் குடியிருப்பு என்பது, வீட்டோடு கடையும், அலுவலகமும், ஓசையும் புகையும் அற்ற சிறு தொழிலும் அடுத்தடுத்து இருக்க இடம் கொடுக்கும் மண்டலம்.

அம்பத்தூரின் கதையைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ரயில் ஓடத் தொடங்கிய நாள் முதல் இந்த மார்க்கம் சென்னையின் மேற்கு வாசலாக இருந்து வந்திருக்கிறது. சுதந்திரத்துக்குப் பின் டி.ஐ. சைக்கிள்ஸ், டன்லப் டயர்த் தொழிற்சாலை, பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பெரிய ஸ்தாபனங்கள் எழ, அவற்றுக்கு வேண்டிய உதிரி பாகங்களைச் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளுக்கென 1964-இல் அரசு அம்பத்தூரில் தொழிற்பேட்டை அமைத்தது. கிண்டித் தொழிற்பேட்டையின் வெற்றிக்குப் பின் அதே வழியில் எழுந்ததும், ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்ததுமான இந்தப் பேட்டையில், லேத், மில்லிங், பிளேட்டிங், மோல்டிங், ஃபோர்ஜிங் என்று உலோகத்தைத் தொட்ட அத்தனை கைத்திறன்களும் கூடின. ஒரு பட்டறையில் கடைந்த உருப்படி, அடுத்த தெருவில் மெருகேறி, அதற்கும் அடுத்த தெருவில் பொருத்தப்பட்டு, மாலைக்குள் பெரிய தொழிற்சாலையின் வாசலுக்குப் போய்ச் சேரும் சௌகரியம், பல்லாண்டுகளாக அண்டை அயலாராக இருந்து பழகியதால் விளைந்தது; வேறிடத்தில் நிலம் கொடுத்துவிட்டால் அதுவும் கூடவே வந்துவிடும் என்று எண்ணுவது பிழை.

காலம் மாறிற்று. டன்லப் தொழிற்சாலை ஓய்ந்தது. அதன் பெயரைப் பஸ் நிறுத்தம் மட்டும் தாங்கி நிற்கிறது. பேட்டையின் முகப்புச் சாலைகளில் பழைய கொட்டகைகள் இடிந்து, தகவல் தொழில்நுட்ப அலுவலகங்கள் கண்ணாடி முகத்தோடு எழுந்தன. சுற்றிலும் அடுக்ககங்கள் பெருகின. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அம்பத்தூரில் 4,66,000-க்கு மேலும், ஆவடியில் ஏறத்தாழ 3,46,000 பேரும், பூந்தமல்லியில் 57,000-க்கு மேலும் மக்கள் இருந்தனர். அதே ஆண்டில் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது, 2019-இல் ஆவடி தனி மாநகராட்சியாயிற்று. பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை 26 கிலோமீட்டர் மெட்ரோ ரயில் பாதையின் பணி நடந்து வருகிறது. கோயம்பேட்டிலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாகப் பட்டாபிராமுக்கு மற்றொரு பாதைக்கும் திட்ட அறிக்கை தயாராகியிருக்கிறது. ரயில் வரும் என்ற செய்தி பரவியவுடன் நிலத்தின் விலை அதற்கு முன்பாகவே வந்து நின்றுவிடுவதை நாம் அறிவோம். லேத் பட்டறையாக இருப்பதைவிட அடுக்ககமாகவோ கடைத் தொகுதியாகவோ மாறினால் பல மடங்கு பணம் தரக்கூடிய நிலத்தின் சொந்தக்காரர், மண்டல மாற்றம் கேட்டு மனுச் செய்வதில் வியப்பில்லை.

மனுவின் பிரயாணம் இவ்வாறு அமைகிறது. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு, முழுமைத் திட்டத்தை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக ஆராய்ந்து மறுபரிசீலனை செய்ய வழி வகுக்கிறது. அதே பிரிவின் நான்காம் உட்பிரிவு, இடையிடையே திட்டத்தில் மாறுதல் செய்யவும் இடமளிக்கிறது. மண்டல மாற்றங்கள் அனைத்தும் இந்த நான்காம் உட்பிரிவின் வழியே வருவன. மனுவைப் பெற்ற சி.எம்.டி.ஏ., நிலத்தைப் பார்வையிட்டு, செய்தித்தாள்களில் விளம்பரம் கொடுத்து, ஆட்சேபணை உள்ளவர்கள் 21 நாட்களுக்குள் எழுதும்படி கேட்கிறது. பிறகு தொழில்நுட்பக் குழு ஆராய்கிறது. குழுமம் முடிவு செய்கிறது. 1984-ஆம் ஆண்டு அரசாணை ஒன்றினால் ஒப்படைக்கப்பட்ட அதிகாரத்தின்படி, உறுப்பினர் செயலர் கையெழுத்திட்டு அரசிதழில் வெளியிடுகிறார். நடைமுறையில் குறை சொல்வதற்கில்லை. குறை அதன் அளவுகோலில் இருக்கிறது. சட்டம் முதலில் சொன்ன ஐந்தாண்டு ஆராய்ச்சி ஊர் முழுவதையும் நோக்குவது. நான்காம் உட்பிரிவின் மாறுதலோ ஒரு மனுதாரரின் ஒரு மனையை மட்டுமே நோக்குகிறது.

இந்த வித்தியாசத்தின் பலனை ஒரே விதியை எடுத்துக்கொண்டு காட்டலாம். 2019-இல் அமலுக்கு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டுகிறவர் 10 சதவீத நிலத்தைப் பொதுத் திறந்தவெளிக்கென ஒதுக்க வேண்டும், அல்லது அதன் மதிப்பைப் பணமாகச் செலுத்த வேண்டும். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் அந்த நிலத்தையே தானப் பத்திரம் எழுதி ஒப்படைக்க வேண்டும். 3,000 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 13 கிரவுண்டு. சிறு பட்டறைகளுக்கென வெட்டிக் கொடுக்கப்பட்ட ஒரு பேட்டையில் இந்த அளவுக்கு உட்பட்ட மனைகள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டு போனால், பத்து மனைகள் மாறி ஆயிரம் குடும்பங்கள் வந்து குடியேறினாலும், குழந்தைகள் விளையாட ஓர் அடி நிலமும் சட்டப்படி கிடைக்காது. பள்ளிக்கூடமும், ஆஸ்பத்திரியும், சாலையை அகலப்படுத்த வேண்டிய இடமும் இதே கதிதான். ஒவ்வொரு அனுமதியும் தனித்தனியே நியாயமானதாக இருக்க, மொத்தத்தில் விளைவது திட்டமற்ற ஊர்.

இதனால் வீடும் வேலையும் கலப்பதே தீது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கலப்பு நமக்குப் புதிதும் அன்று. பூந்தமல்லியின் பழைய கடைத்தெருவில் கீழே வியாபாரமும் மேலே குடித்தனமுமாகத் தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன. கோயிலும் சந்தையும் தறியும் திண்ணையும் ஒரே தெருவில் அடங்கிய ஊர்களே தமிழ்நாட்டின் ஊர்கள். வீடு ஒருபுறம், ஆலை மறுபுறம் என்று பிரித்தது, மேல்நாட்டுத் தொழில் நகரங்களில் நிலக்கரிப் புகைக்கு அஞ்சி ஏற்பட்ட ஏற்பாடு. மாசின் தன்மையைக் கொண்டு தொழில்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று அரசே வகைப்படுத்தியிருக்கும் இந்நாளில், வெள்ளை வகைத் தொழிலையும் பச்சை வகைத் தொழிலையும் வீடுகளுக்கு அருகில் வைத்துக்கொள்ளத் தடையாக இருப்பது பழைய பழக்கமே. பேட்டையில் எட்டு மணி நேரம் வேலை செய்துவிட்டுத் திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் மின்சார ரயிலில் நின்றுகொண்டே திரும்பும் தொழிலாளிக்கு, நடக்கும் தூரத்தில் வாடகை வீடு கிடைக்குமானால் அதைவிடப் பெரிய அபிவிருத்தி வேறில்லை.

ஆனால் அந்த வீடு அவருக்குக் கிடைக்குமா என்பதுதான் கேள்வி; இங்கே பம்பாயின் அனுபவத்தை நினைவுகூர்வது கடமை. 1982-இல் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் நடந்த வேலை நிறுத்தத்துக்குப் பின் நலிந்த 58 பருத்தி ஆலைகளின் நிலம், நகரத்தின் நடுவே சுமார் 600 ஏக்கர், வீணே கிடந்தது. ஆலை நிலத்தை மாற்றி உபயோகிக்கிறவர் மூன்றில் ஒரு பங்கைத் திறந்தவெளிக்கும், ஒரு பங்கைப் பொது வீட்டு வசதிக்கும் கொடுத்துவிட்டு, எஞ்சிய பங்கைத் தாம் வைத்துக்கொள்ளலாம் என்று 1991-இல் ஒரு விதி செய்தார்கள். நல்ல விதி. 2001-இல் அதைத் திருத்தி, கட்டடம் நின்ற இடத்தை விலக்கி, காலியாகக் கிடந்த நிலத்துக்கு மட்டுமே இந்தப் பங்கீடு பொருந்தும் என்றார்கள். ஆலைகளில் காலி நிலம் எவ்வளவு இருக்கும்? பொதுப் பங்கு மிகச் சுருங்கிவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2006-இல் திருத்தமே நிலைத்தது. தொழிலாளர் பேட்டைகள் இருந்த இடத்தில் அங்காடி மாளிகைகளும் செல்வர் கோபுரங்களும் எழுந்தன. நம் பெரம்பூரிலும், 1996-இல் மூடிய பின்னி ஆலையின் நிலத்தில் அடுக்ககங்கள் எழுந்திருக்கின்றன.

சிங்கப்பூர் வேறு வழியை மேற்கொண்டது. உபயோகத்தைக் கட்டுகிறவரே தேர்ந்துகொள்ளக்கூடிய வெள்ளை மனைகளை 1995-இல் அது ஏற்படுத்தியதும் உண்மை. ஆனால் அனுமதி மாறியதால் நிலத்துக்கு ஏறும் மதிப்பில் பெரும் பகுதியைக் கட்டணமாக அரசு வாங்கிக்கொள்வதும் உண்மை. சிறு தொழில்களைப் பல மாடிகளில் அடுக்கி வைக்கும் தொழிற்கூடங்களையும் அங்கே 1960-களிலேயே கட்டத் தொடங்கினார்கள். அந்த வகைக் கூடங்களை நம் சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோவும் கிண்டியிலும் அம்பத்தூரிலும் எழுப்பியிருக்கிறது. இது சரியான திசை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை; லேசான இயந்திரங்களை மாடியேற்றினால், இரண்டு ஏக்கரில் பரந்து கிடந்த பட்டறைகள் அரை ஏக்கரில் அடங்கி, மீதி நிலம் வீட்டுக்கும் பூங்காவுக்கும் விடுபடும். ஃபோர்ஜிங்கும் பிளேட்டிங்கும் மாடியேறா. அவற்றுக்கும் இடம் வேண்டும், அந்த இடத்தைச் சுற்றி வீடுகள் நெருங்காதிருக்கவும் வேண்டும்.

தண்ணீரையும் மறக்கலாகாது. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் வடக்கே புழல் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பிரதேசம் இருக்கிறது. பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம். சென்னை குடிக்கும் நீர் இவை. நீர்ப்பிடிப்பில் கட்டடம் பெருகாமல் இரண்டாவது முழுமைத் திட்டம் விதித்த கட்டுப்பாடு தளராமல் நீடிக்க வேண்டுமானால், ஏற்கெனவே சாலையும் ரயிலும் உள்ள பேட்டையிலும் பழைய கடைத்தெருக்களிலும் அடர்த்தியை ஏற்றுக்கொள்வதே நியாயம். மழைநீர் கொரட்டூர் ஏரிக்குப் போகும் கால்வாய்களில் கழிவு நீரைக் கலக்கவிட்டுக்கொண்டு அடர்த்தியை மட்டும் ஏற்றினால், 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்தப் பக்கத்து மக்கள் பட்டது மீண்டும் வரும்.

2027 முதல் 2046 வரைக்குமான மூன்றாவது முழுமைத் திட்டத்தைச் சி.எம்.டி.ஏ. தயாரித்து வருகிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையையும், ஆவடி, பூந்தமல்லி நிலையங்களைச் சுற்றிய பகுதிகளையும் தனித்தனிச் சர்வே எண்களாகப் பாராமல் முழுமையாக எடுத்துக்கொண்டு, எந்தத் தெருவில் பட்டறை நிலைக்கும், எந்தத் தெருவில் வீடும் கடையும் கலக்கும், பள்ளிக்கும் பூங்காவுக்கும் எந்த நிலம் என்று கோடு போட்டுக் காட்ட இதைவிட நல்ல தருணம் வாய்க்காது. அரசு கையகப்படுத்தித் தொழிலுக்கென ஒதுக்கிய நிலத்தின் உபயோகம் மாறும்போது, ஏறிய மதிப்பில் ஒரு பங்கு, சிறு மனை பெரு மனை என்ற பேதமின்றி, அதே பேட்டைக்குள் தொழிலாளர் வீடுகளாகவும் திறந்தவெளியாகவும் திரும்ப வேண்டும். வாடகைக் கொட்டகையில் லேத் நடத்தி வருகிறவருக்கு, கொட்டகை இடிக்கப்படுவதற்கு முன்பே மாடித் தொழிற்கூடத்தில் இடம் ஒதுக்கப்பட வேண்டும். வரைவுத் திட்டம் பொதுமக்களின் ஆலோசனைக்கு வெளியாகும்போது இந்த இரண்டையும் எழுதிக் கொடுப்பது நிலச் சொந்தக்காரர்களின் சங்கம் செய்யக்கூடிய காரியம் அன்று. பேட்டையின் தொழிலாளர்களும், வாடகைப் பட்டறைக்காரர்களும், கொரட்டூரிலும் திருமுல்லைவாயிலிலும் குடியிருக்கிறவர்களும்தான் எழுத வேண்டும்.