உங்களுக்குத் தெரியுமா? மெலிந்த காந்தமே போதும்!

கருந்துளையைச் சுற்றும் வாயுத் தட்டைக் கொந்தளிக்க வைக்க வலுவான காந்தப்புலம் வேண்டாம். மிக மெலிந்ததே போதும். வலு மிகுந்தால் கொந்தளிப்பு அடங்கிவிடும்!

• காரணம், வேக வேறுபாடு. உள்வட்டம் முந்தும், வெளிவட்டம் பின்தங்கும். நடுவே காந்தக் கோடுகள் ரப்பர் பேண்டாக இழுபடும். உள்வாயு தன் சுழல் உந்தத்தை வெளியே பறிகொடுத்துக் கருந்துளையை நோக்கிச் சரியும்.

• வேறுபாடு கூடக் கூடக் கொந்தளிப்பும் வேகமாக வளரும். கெப்ளர் விதிப்படி சுழலும் தட்டில் ஒரே சுற்றில் சிறு அசைவு 100 மடங்குக்கு மேல் பெருகலாம். வேறுபாடே இல்லையென்றால்? ஒன்றும் நடக்காது.

• இந்தக் கொந்தளிப்பின் அடிப்படைக் கணக்கைச் சோவியத் நாட்டின் இயற்பியலாளர் வெலிகோவ் 1959-லும், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம்ம எஸ். சந்திரசேகர் 1960-லும் போட்டுவிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்தது இரு உருளைகளுக்கு இடையே சுழலும் திரவத்தை! விண்வெளித் தட்டுகளுக்கு அதன் முக்கியத்துவத்தை வானியற்பியலாளர்கள் பால்பஸும் ஹாவ்லியும் காட்டியது 1991-ல்தான்.