கணக்கு மென்பொருள்: ஒருமுறை உரிமமா, ஆண்டுச் சந்தாவா?

பேரேட்டையும் ரொக்கப் புத்தகத்தையும் கடையில் வாங்கிக் கணக்கு எழுதிய காலத்தில், அவை வாங்கியவருக்கே சொந்தமாக இருந்தன. ஆண்டுகள் பல கழித்துத் தணிக்கையாளரோ வரி அதிகாரியோ கேட்டாலும், அலமாரியிலிருந்து எடுத்துக் காட்ட எவருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. கணினியில் கணக்கு எழுதும் முறை பரவியபின் இந்நிலை மாறிவிட்டது. கணக்கிலுள்ள எண்கள் வணிகருடையவை. அவற்றைத் திறந்து படிக்க உதவும் மென்பொருளோ இன்னொருவருடையது. வணிகர் பெறுவது அதைப் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. அந்த உரிமத்தை ஒரே தவணையில் விலை கொடுத்துப் பெறுவதா, ஆண்டுதோறும் சந்தா செலுத்திப் பெறுவதா என்பது சிறு நிறுவனங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் முடிவு செய்ய வேண்டிய பிரச்சினையாகும்.

நம் நாட்டில் இவ்விரு முறைகளும் வழக்கில் உள்ளன. 1986-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட நிறுவனத்தின் ‘டாலி’ மென்பொருள், ஒருமுறை உரிமம் பெற்றுச் சொந்தக் கணினியில் நிறுவிக்கொள்ளும் முறையில் நாடெங்கும் பரவியது. பிற்காலத்தில் அதுவும் வாடகை முறையிலும் கிடைக்கலாயிற்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ‘சோஹோ’ நிறுவனத்தின் கணக்கு மென்பொருள் போன்றவை இணையத்தின் வழியே சந்தா முறையில் இயங்குகின்றன. இவற்றில் கணக்குகள் விற்பனையாளரின் சர்வர்களில் தங்குகின்றன.

முதலில் செலவைக் காண்போம். ஒருமுறை உரிமத்தின் விலை ரூ. 20,000 என்றும், இரண்டாம் ஆண்டு முதல் அதைப் புதுப்பிக்கும் கட்டணம் ஆண்டுக்கு ரூ. 4,000 என்றும், சந்தா ஆண்டுக்கு ரூ. 7,000 என்றும் கொள்வோம். இவை விளக்கத்திற்காக எடுத்துக்கொண்ட தொகைகளே. ஐந்தாம் ஆண்டு முடிய உரிமத்திற்கு ரூ. 36,000-மும் சந்தாவிற்கு ரூ. 35,000-மும் ஆகும். ஆறாம் ஆண்டில் நிலைமை தலைகீழாகிறது. எட்டாண்டுகளில் உரிமத்திற்கு ரூ. 48,000, சந்தாவிற்கு ரூ. 56,000. உரிமமே இலாபகரமானது என இதைக் கொண்டு முடிவு கட்டிவிடலாகாது. தொடக்கத்திலேயே முடங்கும் பணத்திற்கு 12 சதவீத வட்டி கணக்கிட்டுப் பார்த்தால், எட்டாண்டுச் செலவின் இன்றைய மதிப்பில் இரண்டிற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 700 ரூபாயாகச் சுருங்கிவிடுகிறது. கடன் வாங்கித் தொழில் நடத்துபவருக்கு இது வேறுபாடே அன்று.

“புதுப்பிப்புக் கட்டணம் எதற்கு? ஒருமுறை வாங்கியதே போதாதா?” என்று கேட்கலாம். வேறு சில மென்பொருள்களுக்கு அது போதும். கணக்கு மென்பொருளுக்குப் பெரும்பாலும் போதாது. காரணம் சட்டமேயாகும். 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, பழைய விற்பனை வரிக்கென எழுதப்பட்ட நிரல்கள் ஒரே நாளில் பயனற்றுப் போயின. 2020 அக்டோபரில் ரூ. 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளோருக்குக் கட்டாயமாக்கப்பட்ட மின்னணு விலைப்பட்டியல், படிப்படியாக விரிவடைந்து 2023 ஆகஸ்டில் ரூ. 5 கோடியைக் கடந்தோரையும் எட்டியது. வரி விகிதம் மட்டும் மாறினால், 2025 செப்டம்பர் 22-இல் நிகழ்ந்ததுபோல, பயனாளரே மென்பொருளில் திருத்திக்கொள்ள இயலும். விலைப்பட்டியலின் அமைப்பும் அறிக்கையின் படிவமும் மாறும்போது புதிய பதிப்பு வேண்டியதாகிறது.

கம்பெனிகளின் நிலை இன்னும் கண்டிப்பானது. 2023 ஏப்ரல் 1-இல் தொடங்கிய கணக்காண்டு முதல், கணக்கில் செய்யப்படும் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியுடன் பதிவு செய்யும் வசதி கொண்ட மென்பொருளையே கம்பெனிகள் பயன்படுத்த வேண்டும். அந்த வசதியை நிறுத்தி வைக்கவும் இயலாதிருக்க வேண்டும். இவ்வசதி இல்லாத பழைய பதிப்பு எவ்வளவு நன்றாக இயங்கினாலும், கம்பெனிக்கு அது சட்டப்படி உதவாது. இவ்விதி கூட்டாண்மை நிறுவனங்களுக்கோ தனியுரிமை வணிகர்களுக்கோ பொருந்துவதன்று. ஆகவே, ஆண்டு விற்றுமுதல் சிறிதாக இருந்து, வரியைத் தொகுப்பு முறையில் செலுத்தும் மளிகைக் கடைக்காரர், புதுப்பிக்காமலே பழைய உரிமத்தைச் சில ஆண்டுகள் ஓட்டுவதில் தவறில்லை. அவருக்குச் சந்தா வீண் செலவாகவும் அமையலாம்.

விலையைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. கம்பெனிகள் சட்டம், 2013-இன்படி கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகளுக்குக் குறையாமல் பாதுகாக்க வேண்டும். சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டமோ, ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்களுக்குப் பதிவேடுகளை வைத்திருக்கப் பணிக்கிறது. சந்தாவை நான்காம் ஆண்டில் நிறுத்தும் நிறுவனத்திடம் ஏழாம் ஆண்டில் கணக்கு கேட்கப்பட்டால் என்ன செய்வது? அமெரிக்காவின் ‘இன்ட்யூட்’ நிறுவனம் தன் ‘குவிக்புக்ஸ்’ சேவையை 2023-இல் இந்தியாவில் நிறுத்திக்கொண்டபோது, சந்தாவைத் தவறாது செலுத்தி வந்தோரும் வேறு மென்பொருளைத் தேட வேண்டியதாயிற்று. ஒருமுறை உரிமத்திலும் இந்த இடர் அறவே இல்லை எனக் கூறவியலாது. கணினி பழுதாகி, நகலும் எடுக்காதிருந்தால் உரிமம் கையில் இருந்தும் கணக்கு போய்விடும். எனினும் அந்தப் பொறுப்பு அவரவர் கையிலேயே உள்ளது.

எனவே சந்தாவை ஏற்குமுன் விற்பனையாளரிடம் கேட்டறிய வேண்டியவை சில உள்ளன. சந்தா முடிந்தபின் பழைய கணக்குகளைப் பார்க்கவேனும் அனுமதி உண்டா, எவ்வளவு காலத்திற்கு? கணக்குகள் முழுவதையும் வேறு மென்பொருள் ஏற்கும் வடிவில் எடுத்துக்கொள்ளலாமா? ஐந்தொகையை மட்டும் அச்சிட்டு வைத்தால் போதாது. அதற்கு அடிப்படையான ஒவ்வொரு பதிவும் பேரேட்டுத் தலைப்புடன் வர வேண்டும். வெளிநாட்டுச் சர்வரில் கணக்கு இருப்பின், அதன் நகல் ஒன்று நாள்தோறும் இந்தியாவிலுள்ள சர்வரில் சேமிக்கப்பட வேண்டும் எனக் கம்பெனிகளுக்கான விதி 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்டதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

அரசு அலுவலகங்களில் வேறொரு சிக்கல் எழுகிறது. உரிமத்தை வாங்குவது ஒரே ஆண்டில் முடியும் செலவு. ஒப்புதலும் ஒருமுறை போதும். சந்தாவோ ஆண்டுதோறும் ஒதுக்கீடு கோருவது. மார்ச் 31-இல் சந்தா முடிந்து, ஒப்பளிப்பு ஆணை மே மாதத்தில் வருமாயின், இடைப்பட்ட நாட்களில் கணக்கு எழுதுவது எங்ஙனம்? சந்தாக் காலத்தை நிதியாண்டோடு பொருத்தாமல் செப்டம்பரில் முடியுமாறு அமைத்துக்கொண்டால் இத்தொல்லை பெரிதும் நீங்கும்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு இத்தேர்வையே சங்கத்தின் பொறுப்பில் விடாமல், பொது மென்பொருள் ஒன்றை வழங்கும் வழி பின்பற்றப்பட்டது. ரூ. 2,516 கோடிச் செலவில் 63,000 சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. பயிர்க்கடன், உர விற்பனை, பங்குத்தொகை ஆகிய யாவும் ஒரே மென்பொருளில் பதிவாகும்போது, சங்கம் தனித்து உரிமம் வாங்கவும் வேண்டியதில்லை, சந்தா செலுத்தவும் வேண்டியதில்லை. ஆயினும் சர்வர், பராமரிப்பு, வரி விதிகளுக்கேற்ற திருத்தம் ஆகியவற்றிற்கான செலவு ஆண்டுதோறும் இருக்கவே செய்யும். ஐந்தாண்டுத் திட்டக் காலத்திற்குப் பின் அச்செலவைச் சங்கம் ஏற்பதாயின், அதன் சிறிய வருவாயில் அது எவ்வளவு என்பதை இப்போதே கணக்கிட்டு, நிர்வாகக் குழுவின் முன் வைப்பது செயலாளரின் கடமையாகும்.