கைத்திறனை அளத்தல்: தீவகத்துச் சீவல் தொழிலை முன்வைத்து ஒரு நோக்கு

அளவீடு, கணிப்பீடு, மதிப்பீடு என்னும் சொற்கள் நம் கல்வியுலகிற் பெரும்பாலும் எழுத்துப் பரீட்சையையே சுட்டி நிற்கின்றன. உடலுழைப்போடு பிணைந்த இயக்கத்திறன்கள் எவ்வாறு கற்கப்படுகின்றன, அக்கற்றலை எவ்வாறு அளப்பது என்னும் வினாக்கள் அருகியே எழுகின்றன. இது தற்செயலானதன்று. குலத்தொழிலைக் கற்கவேண்டியதில்லை, அது தானே கைவரும் எனப் பொருள்படும் பழமொழி நம்மிடையே வழங்குகின்றது. கற்காமலே வருவதாயின் அங்கு அளப்பதற்கு எதுவுமில்லை. இக்கருத்தை நெடுந்தீவு, ஊர்காவற்றுறை முதலான தீவகப் பகுதிகளின் பனைச் சீவல் தொழிலைக் கொண்டு ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

முதலில் ஓர் அடிப்படை வேறுபாட்டைத் தெளிவுபடுத்தல் வேண்டும். ஆற்றுகை வேறு, கற்றல் வேறு. ஆற்றுகையை வேகம், பிழை, விளைவு ஆகியவற்றால் நேரே அளக்கலாம். கற்றலோ அகத்தே நிகழும் ஓரளவு நிலையான மாற்றம். அதனை ஆற்றுகையிலிருந்து உய்த்துணரவே முடியும். 1897இல் தந்தித் தொழில் பயில்வோரை ஆராய்ந்த பிரையன், ஹாட்டர் என்னும் அமெரிக்க அறிஞர்கள், பயிற்சி தொடர்ந்தபோதும் முன்னேற்றம் தென்படாத இடைக்காலங்களைத் தம் வளைகோடுகளிற் கண்டனர். ஆதலால் ஒருநாள் அளவீட்டைக் கொண்டு கற்றலை முடிவுசெய்தல் பொருந்தாது. பயிற்சி நின்று சில காலம் கழிந்த பின்னும் திறன் எஞ்சுகின்றதா, புதிய சூழலிலும் அது கைகொடுக்கின்றதா என்பனவும் சோதிக்கப்படல் வேண்டும். முன்னையது தக்கவைத்தல், பின்னையது இடமாற்றம் எனப்படும்.

சீவல் தொழிலாளி தளைநாரிட்டு மரமேறி, பாளையின் நுனியைக் காலையும் மாலையும் சீவுகின்றார். சீவல் தடித்தால் பாளை விரைவில் தீர்ந்துவிடும். போதாதாயின் வெட்டுவாய் அடைபட்டுச் சாறு ஊறாது. கத்தி பிடித்த கையின் பிழையை மரமே பதிவுசெய்து, பின்னொரு நாள் முட்டியிற் காட்டுகின்றது. ஒரு பருவம் முடிந்து மறுபருவம் தொடங்குகையில் தக்கவைத்தல் சோதிக்கப்படுகின்றது. ஆண்பனையிற் பழகியவர் பெண்பனைக்கு மாறும்போதும், சோளகக் காற்றில் ஆடும் மரத்தில் ஏறும்போதும் இடமாற்றம் சோதிக்கப்படுகின்றது. ஆய்வுகூடம் வகுத்த சோதனைகள் தொழிலுக்குள்ளேயே பொதிந்துள்ளன.

ஆயின், தவறணையில் அளக்கப்பட்டது யாது? கள்ளின் அளவே. அது உற்பத்தியின் அளவு. மரமும் மழையும் அதிற் பங்குகொள்கின்றன. நிறுத்தற்கடிகாரத்தோடு தொழிலாளியை நெருங்கிய ரெயிலரின் மரபோ, 'சரியான' அசைவு ஒன்றைக் கண்டு அதனை எல்லார்க்கும் விதிக்க முயன்றது. 1920இல் மொஸ்கோவில் நிறுவப்பட்ட மத்திய உழைப்பு நிறுவகமும் இம்மரபின் செல்வாக்கிற்கு உட்பட்டிருந்தமையை நாம் மறைக்கவேண்டியதில்லை. எனினும், 1922 முதல் அங்கு பணியாற்றிய நிக்கலாய் பேர்ண்ஸ்ரைன், சுத்தியல் அடிக்கும் தொழிலாளரின் அசைவுகளை ஒளிப்படமாகப் பதித்து ஆராய்ந்தபோது வேறோர் உண்மை வெளிப்பட்டது. ஒவ்வோர் அடியிலும் தோள், முழங்கை ஆகியவற்றின் பாதைகள் வேறுபட்டன. சுத்தியலின் பாதை அத்துணை வேறுபடவில்லை. தேர்ந்த கை ஒரே அசைவைத் திரும்பச் செய்வதில்லை. ஒரே பணியை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்க்கின்றது.

சாதியக் கருத்தியலுக்கு இது நேரெதிரான முடிபாகும். பிறப்பால் வந்ததெனப்பட்டது, பிழைத்தும் திருத்தியும் உயிராபத்தின் நடுவே கற்கப்பட்ட அறிவாகும். கற்கப்படுவதாயின் அதனை எவரும் கற்கலாம். சீவல் தொழிலாளியின் பிள்ளை அதனைக் கைவிடவும் செய்யலாம். 1990, 1991ஆம் ஆண்டுகளிற் போரினால் தீவக மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தபோது, பழக்குவோருக்கும் பழகுவோருக்குமிடையிலான தொடர்பும் குலைந்தது. இயல்பாக வருவதாயின் அத்தொடர்புக்குத் தேவையே இருந்திராது.

இலங்கையின் தேசிய தொழிற்றகைமை முறைமை 7 மட்டங்களைக் கொண்டது. முறைசாரா வழியிற் பெற்ற தேர்ச்சியை அங்கீகரிக்கவும் அதில் இடமுண்டு. இது வரவேற்கத்தக்கதே. ஆனால், கணிப்பாளர் ஒருநாள் ஒரு மரத்தடியில் நின்று படிமுறைகளைச் சரிபார்த்தல் போதாது. பருவம் மாறியும் மரம் மாறியும் திறன் நிலைக்கின்றதா எனக் காணல் வேண்டும். அவ்வாறு காணும் கண் பெற்றவர்கள் தொழிலாளரே. கணிப்பாளர் வரிசையில் அவர்களும் இடம்பெறும்போதே அக்கணிப்பீடு நேரியதாகும் என்பது எமது துணிபு.